மலையேறாத நிதி: உளுந்தூர்பேட்டையிலிருந்து கல்வராயன் மலை வரை

சென்னையிலிருந்து தெற்கே வரும் தேசிய நெடுஞ்சாலை, சுமார் 200 கிலோமீட்டர் கடந்து உளுந்தூர்பேட்டையை அடையும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை திருச்சிராப்பள்ளியை நோக்கிச் செல்ல, மற்றொன்று மேற்கே திரும்பி எலவானாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போய்ச் சேர்கிறது. இந்த மேற்குச் சாலையில் சென்று, கள்ளக்குறிச்சியில் விலகி, கச்சிராயபாளையம் கடந்து கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையை அரை நாளுக்குள் எட்டிவிடலாம். ஆனால் நாட்டில் ஆண்டுதோறும் அறப்பணிகளுக்கென்று செலவிடப்படும் பல்லாயிரம் கோடி ரூபாயில் இந்த மலை வரை ஏறி வருவது மிகச் சிறு பங்கே. கொடுக்க மனமுள்ளவர்கள் குறைந்ததால் இந்த நிலை ஏற்படவில்லை. கொடையைப் பெறுவதற்கு வகுக்கப்பட்டுள்ள வழிமுறைகள் அடிவாரத்தோடு நின்றுவிடுவதே காரணம் என்பதை இவ்வழியில் உள்ள ஊர்களே எடுத்துக்காட்டுகின்றன.

சாலை பிரியும் ஊர்

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிழக்கு வாயில் என்று உளுந்தூர்பேட்டையைச் சொல்லலாம். நெல்லும் கரும்பும் உளுந்தும் விளையும் இந்த வட்டாரத்தில் பெருந்தொழில்கள் நெடுங்காலம் கால்பதிக்கவில்லை. 2023 ஏப்ரலில் தைவானைச் சேர்ந்த பௌ சென் நிறுவனம், உளுந்தூர்பேட்டை சிப்காட் வளாகத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணித் தொழிற்சாலை அமைத்து 20,000 பேருக்கு வேலை அளிப்பதென்று தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. இச்செய்தி வேலைவாய்ப்பைப் பற்றியது மட்டுமன்று. அறக்கொடையைப் பற்றிய கேள்வி ஒன்றும் இதனுள் அடங்கியிருக்கிறது.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனம் ஒவ்வொன்றும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று விதிக்கிறது. பேச்சுவழக்கில் ‘சிஎஸ்ஆர்’ என்று சுருக்கி வழங்கும் இந்தப் பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி, விதி நடைமுறைக்கு வந்த 2014-15ஆம் நிதியாண்டில் நாடு முழுவதும் சுமார் 10,000 கோடி ரூபாயாக இருந்து, 2022-23இல் சுமார் 30,000 கோடியாக உயர்ந்தது. நிறுவனம் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டப்பிரிவு கூறுகிறது. தொழிற்சாலை உள்ள இடத்துக்கு நன்மை சேர வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் எழுந்த விதி இது. எனினும் தொழிற்சாலையே இல்லாத மலைப்பகுதி இதனால் இயல்பாகவே ஒதுங்கிப்போகிறது. கல்வராயன் அடிவாரத்தில் நெடுங்காலமாக இயங்கிவரும் பெரிய ஆலை கச்சிராயபாளையத்தில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கூட்டுறவுச் சங்கங்கள் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வாராதவை என்பதால் 2 விழுக்காட்டு விதி அதற்குப் பொருந்தாது.

வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சிறப்புக் கவனம் அளிப்பதற்காக ஒன்றிய அரசு 2018இல் அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே இடம்பெற்றன. ஒரு மாவட்டத்தின் சமவெளியும் மலையும் சேர்ந்து தரும் சராசரியைக் கொண்டு முடிவெடுக்கும்போது, மலைமேல் உள்ளவர்களின் குறை அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடுகிறது என்பதற்குக் கல்வராயன் போன்ற மலைகள் சான்றாகின்றன.

கொடைக்குப் பேர்போன நாடு

எலவானாசூர்கோட்டையைத் தாண்டிச் செல்லும் சாலைக்கு வடக்கே, தென்பெண்ணையின் தென்கரையில் திருக்கோவலூர் அமைந்துள்ளது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர் அது. அவனை நோக்கிக் கபிலர் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றின் 121ஆவது செய்யுளாக உள்ளது. நாலாபக்கமிருந்தும் பரிசில் நாடி வருவோர்க்கு அள்ளிக் கொடுப்பது எளிது என்றும், வருவோரின் தகுதியை அறிந்து கொடுப்பதே அரிது என்றும் அரசனிடம் புலவர் நேருக்கு நேர் எடுத்துரைக்கும் பாட்டு அது. கொடையின் அளவைவிடக் கொடையின் முறை பெரிது என்னும் அறிவு இந்த மண்ணுக்குப் புதிதன்று.

அம்முறை எப்படி இருக்கலாம் என்பதையும் இவ்வட்டாரக் கோயில் கல்வெட்டுகளில் காணலாம். திருக்கோவலூர் உள்ளிட்ட ஊர்களில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் பலவும் நந்தாவிளக்குக் கொடைகளைப் பற்றியவை. விளக்கு ஒன்றை அணையாமல் எரிக்க விரும்பும் கொடையாளர் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பார். உள்ளூர் இடையர்கள் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளந்துவிட வேண்டும். இறக்கும் ஆடுகளின் இடத்தைப் பிறக்கும் குட்டிகள் நிரப்புவதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது என்ற கணக்கில் அவை ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கப்பட்டன. இன்றைய நிதிமொழியில் இதை நிலைநிதி, அதாவது முதலைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் செலவிடும் நிதி என்பர். கொடையாளர் அரசியாகவோ அதிகாரியாகவோ இருந்தாலும், ஆடு உள்ளூர்க்காரர் கையில் இருந்தது. பொறுப்பு ஊர்ச்சபையிடம் இருந்தது. கணக்கோ எவரும் படிக்கும்படி கோயிற்சுவரில் பொறிக்கப்பட்டிருந்தது. உள்ளூரில் ஒப்படைத்தல், நீண்டகாலம் தொடர்தல், ஊரறியக் கணக்குக் காட்டுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த அந்த ஏற்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் இன்றைய விதிகளின் குறை தெளிவாகப் புலப்படுகிறது.

அடிவாரமும் மலையும்

தியாகதுருகத்துக் கோட்டைக்குன்றைக் கடந்தால் மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சி வருகிறது. 2024 ஜூனில் இந்நகரின் கருணாபுரம் பகுதியில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயை அரசு அறிவித்தது. பல திசைகளிலிருந்தும் உதவிக்கரங்கள் நீண்டன. அத்துயரத்தை ஒட்டி, கள்ளச்சாராயத்தோடு அடிக்கடி பெயர் இணைத்துப் பேசப்பட்ட கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், கல்வி முதலிய அடிப்படை வசதிகளைப் பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது. பேரிடர் நேர்ந்த இடத்துக்குப் பணமும் கவனமும் விரைந்து வருவதும், பேரிடர் நேராமல் தடுக்கக்கூடிய ஆண்டுகளில் அவை வாராமலிருப்பதும் இம்மாவட்டத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. எனினும் இங்கே அதன் விலை மிகக் கொடிதாக இருந்தது.

கச்சிராயபாளையத்தை அடுத்துக் கோமுகி அணை. அதைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. சவ்வாது, சேர்வராயன், பச்சைமலை ஆகியவற்றைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பிரிவாக வழங்கி, கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. கரியாலூரையும் வெள்ளிமலையையும் சுற்றி மரவள்ளி, மக்காச்சோளம், சாமை, தினை ஆகியவை பயிராகின்றன. கடுக்காய், புளி, தேன் ஆகியவை காடுபடு பொருள்கள். இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மக்களான இவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாக வாய்மொழி மரபில் கூறுகின்றனர்.

சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபுகளின் ஆளுகையில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. ஜாகீர் என்பது வரி தண்டும் உரிமையோடு ஒருவருக்கு வழங்கப்பட்ட நிலப்பகுதி. நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1976இல்தான் இப்பகுதி அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சமவெளியில் ஊராட்சியும் கூட்டுறவுச் சங்கமும் வங்கிக் கிளையும் வேரூன்றிய காலத்தில், இங்கே வரியும் கட்டாய உழைப்பும் நீடித்தன. பதிவு பெற்ற சங்கம், தணிக்கை செய்த கணக்கு, நிலப் பட்டா ஆகியவற்றை இன்று ஒரு சமூகத்திடம் கேட்போர், அவற்றை உருவாக்கிக்கொள்ள அச்சமூகத்துக்குக் கிடைத்த காலம் எவ்வளவு என்பதையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

தீர்மான ஏடும் விண்ணப்பப் படிவமும்

மலைச் சிற்றூர்களில் கணக்கு எழுதும் பழக்கம் இல்லை என்று கருதுவது தவறு. மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் ஏடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். தீர்மானப் புத்தகத்தில் கூட்டம் நடந்த நாள், வந்தவர், வராதவர், எடுத்த முடிவு, ஒவ்வொருவரின் கையொப்பம் அல்லது கைரேகை ஆகியவை இருக்கும். தனிப் பேரேட்டில் உறுப்பினர்வாரியாகச் சேமிப்பு, உள்கடன், திருப்பிய அசல், வட்டி, அபராதம் என்று கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கும். குழுவின் ஊக்குநர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுவார். எழுத்தறியாத உறுப்பினரும் தம் தொகையை மனப்பாடமாக அறிந்திருப்பதால் பிழை நேர்ந்தால் அந்த இடத்திலேயே எதிர்க்குரல் எழும். ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், தவறாமல் திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்கு ஆகிய ஐந்தையும் பஞ்சசூத்திரம் என்று இவ்வியக்கத்தினர் அழைக்கின்றனர். தமிழ்நாட்டில் இவ்வியக்கம் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கல்வராயனுக்கு மேற்கே உள்ள தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது.

நிலப்பரப்புக்கு ஏற்ப விதி வளைந்துகொடுக்க முடியும் என்பதற்கும் இக்குழுக்களே சான்று. பொதுவாகக் குழு ஒன்றில் 10 முதல் 20 உறுப்பினர் இருக்க வேண்டும். ஆனால் சிதறிய குடியிருப்புகளைக் கொண்ட தொலைதூரப் பழங்குடிப் பகுதிகளில் 5 பேர் சேர்ந்தாலே போதும் என்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் தளர்வு அளித்துள்ளது. மலையைப் பார்த்து விதியை எழுதினார்கள், குழுக்கள் பெருகின.

அறக்கொடை விதிகள் அவ்வாறு எழுதப்படவில்லை. சிஎஸ்ஆர் நிதியைப் பெற்றுச் செலவிட விரும்பும் அமைப்பு, பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ லாப நோக்கற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தின்கீழ் வரிவிலக்குப் பதிவும், கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவும் வேண்டும். நிறுவனமோ அரசோ நிறுவிய அமைப்பாக இல்லாவிட்டால் மூன்று ஆண்டுப் பணி அனுபவம் காட்ட வேண்டும். 2021 ஏப்ரல் முதல், பட்டயக் கணக்காளர் போன்ற தொழில்முறை வல்லுநர் ஒருவரின் சான்றும் மின்னணுக் கையொப்பமும் உள்ள சிஎஸ்ஆர்-1 என்னும் படிவத்தை இணையவழி பதிவுசெய்வதும் கட்டாயம். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு; பொதுப்பணம் போலிகளிடம் போய்ச் சேரக் கூடாது. எனினும் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், நகரத்தில் அலுவலகமும் ஆடிட்டரும் உள்ளவர்களே தாண்டக்கூடிய வேலியாக அது அமைந்துவிடுகிறது. பல ஆண்டுகள் பிசகாமல் பேரேடு எழுதிய மலைக்குழுவின் ஏடு, அந்த வேலியின் முன் எந்தச் சான்றாகவும் மதிக்கப்படுவதில்லை.

வெளிநாட்டுக் கொடை வரும் வழி இன்னும் குறுகியது. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம், கொடை பெற்ற அமைப்பு அதை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்குவதைக் கட்டாயமாக்கியது. கண்காணிப்பை வலுப்படுத்துவது இதன் நோக்கம் என்று அரசு கூறியது. நடைமுறையில், பெரிய அமைப்பு ஒன்று டெல்லியிலோ சென்னையிலோ பெற்ற தொகையைக் கிராமத்துச் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த இணைப்பு அறுந்தது. இவ்விதிகளில் வாகனத்தை இயக்கும் செலவும் பராமரிக்கும் செலவும் நிர்வாகச் செலவாகக் கருதப்படுகின்றன என்பது மலைக்கு மிக முக்கியமானது. சமவெளி நகரத்தில் பயணம் பணிக்குத் துணையானது. சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலையிலோ, ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போவதும் ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அழைத்து வருவதும் பயணமே ஆகையால், பணியில் பெரும்பகுதி அதுவே.

மலைக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு

இத்தடைகளைக் கடந்து ஒரு சமூகம் எழ முடியும் என்பதற்குச் சான்று வெகு தொலைவில் இல்லை. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், காந்திகிராமத்தில் பணியாற்றிய மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பைத் தொடங்கினர். அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அறுவை சிகிச்சைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது. ஊர்மக்கள் கட்டிக்கொடுத்த கூரைக் குடிசையில், நண்பர்கள் அளித்த சிறு தொகைகளைக் கொண்டு வேலை தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராகவும் நலப் பணியாளராகவும் ஆயினர். பின்னர் அது அறுவை அரங்கத்தோடு கூடிய மருத்துவமனையாக வளர்ந்தது. சிசு இறப்பு விகிதம் பன்மடங்கு குறைந்தது. ஒரு சில விவசாயிகளோடு தொடங்கிய இயற்கை வேளாண் சங்கம் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு விரிந்தது. லம்பாடிப் பெண்களின் கைத்தையல் கலை ‘பொர்கை’ என்ற பெயரில் மீண்டும் உயிர்பெற்றது.

இன்றைய மூன்றாண்டு அனுபவ விதியை 1993இன் அந்தக் குடிசைக்குப் பொருத்தினால், அதற்கு ஒரு ரூபாயும் கிடைத்திராது. பயணப்படி எவ்வளவு, நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு என்று கேளாத நண்பர்களின் பணமே முதற்படியைத் தாண்ட உதவியது. பெருநிதி தேவைப்படுவதற்கு முன், நம்பிக்கையின் பேரில் தரப்படும் சிறுநிதி தேவைப்படுகிறது. அந்தச் சிறுநிதிக்கே இன்று அமைப்புசார் வழி ஏதும் இல்லை.

வேறு சான்றுகளும் உண்டு. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் அக்கார்டு அமைப்பும் அஸ்வினி மருத்துவமனையும் சேர்ந்து 1992இல் ஏற்படுத்திய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆதிவாசிக் குடும்பங்களின் சிறு பங்களிப்பையும் வெளிக்கொடையையும் இணைத்து, உதவி பெறுபவரையும் உரிமையாளர் ஆக்கியது. 2005இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம், நிதியைக் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே தவணைகளாக அனுப்பி, அதைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக் குழுவையும் ஊரிலேயே அமைத்தது. சிற்றூர்களிடம் நேரடியாகப் பணத்தை ஒப்படைக்க இயலாது என்னும் வாதத்துக்கு இவை நடைமுறையில் அமைந்த மறுப்புகள்.

உலக அளவிலும் இதே சிக்கல் நிலவுகிறது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், காடுகளைக் காக்கும் பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் 170 கோடி டாலர் அளிப்பதாக அரசுகளும் அறநிறுவனங்களும் உறுதி கூறின. முதல் ஆண்டில் வழங்கப்பட்டதில் 7 விழுக்காடே அம்மக்களின் அமைப்புகளை நேரடியாகச் சென்றடைந்தது என்று கொடையாளர்களின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. மறுபுறம், அமெரிக்கக் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட், இன்ன செலவுக்கு என்று கட்டுப்படுத்தாமல் கொடுப்பதை வழக்கமாக்கி, 2024 மார்ச்சில் அந்நாட்டின் 361 சமூக அமைப்புகளுக்கு 64 கோடி டாலரை ஒரே அறிவிப்பில் வழங்கினார். இந்தியாவிலும் 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம், ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட அறக்கட்டளைகளின் வரிவிலக்குப் பதிவுக் காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக நீட்டித்துச் சிறியவர்களின் சுமையைச் சற்றுக் குறைத்துள்ளது.

செய்யத்தக்கவை

இப்பயணம் காட்டும் வழிகள் தெளிவானவை. மாவட்டந்தோறும், வேண்டிய பதிவுகள் அனைத்தும் உடைய பொறுப்பான அறக்கட்டளை ஒன்று கணக்கு, தணிக்கை, படிவம் ஆகியவற்றின் சுமையைத் தான் ஏற்று, உள்நாட்டு நிதியைச் சிற்றூர்க் குழுக்களின் பணிகளுக்குச் சிறு தொகைகளாகக் கொண்டுசேர்க்க முன்வர வேண்டும். விண்ணப்பம் தமிழில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல், எழுத முடியாதவர் வாயால் சொல்லிப் பதிவுசெய்யும் வாய்ப்போடு அமைய வேண்டும். சுய உதவிக் குழுவின் தீர்மான ஏட்டையும் பேரேட்டையும் பணி அனுபவத்துக்கான சான்றாக ஏற்க வேண்டும். ஓராண்டுக்கு மட்டும் தராமல் ஐந்தாண்டுக்கேனும் உறுதியளிக்க வேண்டும். மலைப்பயணச் செலவைப் பணிச் செலவாகவே கொள்ள வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழை அஞ்சலில் அனுப்புவதோடு நிறுத்தாமல், வரவு செலவைக் கிராம சபையில் படித்துக் காட்டிச் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

இவற்றைக் கடைப்பிடிக்கத் தேவைப்படும் சட்டத்திருத்தங்கள் சில; பெரும்பாலானவை கொடையாளரின் மன உறுதி ஒன்றாலேயே நாளையே நிறைவேறக்கூடியவை. உளுந்தூர்பேட்டைக்குத் தொழிற்சாலைகள் வந்து, லாபம் ஈட்டி, 2 விழுக்காட்டை ஒதுக்கும் நாளில், தங்கள் வட்டாரம் என்பது சிப்காட் மதிலைச் சுற்றிய சில ஊராட்சிகளோடு முடிவதன்று, அதே மாவட்டத்தின் வெள்ளிமலையும் கரியாலூரும் அதில் அடங்கும் என்று அந்நிறுவனங்களின் இயக்குநர் குழுக்கள் தீர்மானம் எழுதட்டும். மாவட்ட நிர்வாகம் அதை இப்போதே வலியுறுத்தட்டும். தனிமனிதராகக் கொடை தரும் வாசகர்களும், தாங்கள் தரும் தொகை எந்த ஊர் வரை போகிறது, அவ்வூரார் அதைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா என்னும் இரண்டு கேள்விகளை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். கொடை பெறுவதற்காக மலைமக்கள் கீழிறங்கி வந்து காத்திருக்கும் நிலை மாற வேண்டுமானால், மேலே ஏறிச் செல்லும் பொறுப்பைக் கொடுப்பவர்களே ஏற்றாக வேண்டும்.